நம்ம சுருள்பாசி பத்தி சுத்துற வாய்ஸ் மெசேஜுக்கு எங்க பதில்

மாசாமாசம் நம்மகிட்ட ஸ்பைருலினா, அதாவது சுருள்பாசிப் பொடி வாங்குற அக்கா, அண்ணன், தம்பி எல்லாருக்கும் வணக்கம்.

அந்த வாய்ஸ் மெசேஜை உங்கள்ல பாதிப்பேர் கேட்டிருப்பீங்க, மீதிப்பேர் எங்களுக்கே ஃபார்வர்ட் பண்ணி "என்னண்ணே இது"ன்னு கேட்டுட்டீங்க. ஆப்பிரிக்காவுல போட்ஸ்வானா நாட்டுல யானைங்க செத்துக் கெடக்குற போட்டோவைப் போட்டு, "இந்தப் பாசியத்தான் குளத்துல அள்ளி பொடி பண்ணி புள்ளைங்களுக்குக் குடுக்கச் சொல்றான்"னு ஒருத்தர் பேசுறார்.

யானைங்க செத்தது நெஜம்தாங்க. 2020-ல சுமார் 330 யானை, நீலப்பச்சைப் பாசியோட நரம்பு விஷம்தான் காரணம்னு அந்த ஊர் அரசாங்கமே சொல்லுச்சு. ஸ்பைருலினாவும் நீலப்பச்சைப் பாசி வகைதானேன்னா, ஆமா, அதையும் மறைக்கல. ஆனா காட்டுல விஷக்காளான் இருக்குன்னு கடைக் காளானை யாராவது கொட்டுவாங்களா?

விஷம் செய்ய பாசிக்கு அதுக்கான ஜீன், அதாவது செல்லுக்குள்ள இருக்குற செய்முறைக் குறிப்பு வேணும். ஏரியில பச்சைப் பெயின்ட் ஊத்தினாப்ல மெதக்குதே, அதுல ரொம்ப சாதாரணமா இருக்குறது மைக்ரோசிஸ்டிஸ்ங்குற பாசி. அது செய்ற மைக்ரோசிஸ்டின் நேரா ஈரலைத் தாக்கும், தண்ணியக் கொதிக்க வெச்சாலும் போகாது. 2014-ல அமெரிக்காவுல டொலிடோ நகரத்துல ஈரி ஏரித் தண்ணியில இது கலந்து, சுமார் 4 லட்சம் பேரு கொழாய்த் தண்ணியக் குடிக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. அந்த விஷத்துக்கு எம்சிஒய்னு 10 ஜீன் வரிசையா நிக்குது, டிஎன்ஏ கணக்குல 55,000 எழுத்து நீளம், 2000-ம் வருஷமே முழுசாப் படிச்சுட்டாங்க. இதுல வேடிக்கை என்னன்னா ஒரே ஏரியில, ஒரே மைக்ரோசிஸ்டிஸ்ல, ஒண்ணுக்கு அந்த ஜீன் இருக்கும் பக்கத்துல இருக்குறதுக்கு இருக்காது, மைக்ராஸ்கோப்ல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். ஜீன் இருந்தும் நடுவுல ஒடஞ்சுபோய் விஷமே செய்யாத பாசியும் உண்டு. அதனால பச்சையா இருக்கு, விஷம்னு கண்ணால பார்த்து யாரும் சொல்ல முடியாது, வாய்ஸ் மெசேஜ்லயும் சொல்ல முடியாது. ஸ்பைருலினாவோட ஜீனோம், அதாவது அதோட ஜீன் எல்லாம் சேர்ந்த தொகுப்பு, ஏறக்குறைய முழுசா 2010-ல ஜப்பான்ல வெளியாச்சு, அதுல இந்த எம்சிஒய் வரிசை கெடையாது.

எங்களுக்கு ரொம்ப வலிச்சது அந்தக் "குளத்துல அள்ளி"ங்குற வார்த்தைதான். ஏரியில அள்ளி விக்கிற பாசியும் உலகத்துல இருக்கு, அமெரிக்காவுல கிளாமத் ஏரியில எடுக்குறது, அது வேற வகை. அதோட மைக்ரோசிஸ்டிஸ் சேர்ந்து வந்துதான் ஆரிகன் மாநிலம் 1997-ல ஒரு கிராமுக்கு 1 மைக்ரோகிராம் விஷத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு வரம்பு வெச்சுது. நம்மளோடது சிமெண்ட் தொட்டிங்க. போர் தண்ணி, ஆப்ப சோடா, உப்பு, மேல வலை. அவ்வளவு காரத்தண்ணியில மத்த பாசி பெரும்பாலும் தலைதூக்காது. காலையில துணியில வடிச்சு, இடியாப்ப ஒரல்ல பிழிஞ்சு, காயவெச்சு, அப்புறம்தான் அரைக்குறோம். இத வந்து பார்த்தவங்க உங்கள்லயே நெறைய பேர் இருக்கீங்க. பேசினவர் ஒரு தடவை கூட வரல, வந்திருந்தா மோராவது குடுத்திருப்போம்.

அப்படியே வேற பாசி ஒரு துளி விழுந்துட்டாலும் தெரியணும்னு, இந்த மாசத்துல இருந்து ஒவ்வொரு பேட்ச்லயும் சாம்பிள் எடுத்து வெளி லேப்ல அந்த 10 ஜீன்ல ஒண்ணான எம்சிஒய்-ஈக்கு பிசிஆர் (ஜீனைப் பல மடங்கா நகலெடுத்துக் கண்டுபிடிக்கிற) டெஸ்ட் குடுக்குறோம், கூடவே விஷ அளவையும் நேரடியாப் பார்க்கச் சொல்லியிருக்கோம், ஏன்னா ஜீன் இருக்கா இல்லயான்னுதான் பிசிஆர் சொல்லும், எவ்வளவு விஷம்னு சொல்லாது. முந்தின பேட்ச்களுக்கு மைக்ராஸ்கோப் மட்டும்தான் பார்த்தோம். டெஸ்ட் செலவுக்காக 100 கிராம் பாக்கெட் 40 ரூபா ஏறுது.

இவ்வளவு பேச்சுக்கு நடுவுலயும் ஆர்டரை நிறுத்தாம, "நீங்க போடுங்கண்ணே, நாங்க வாங்குறோம்"னு சொன்னீங்க பாருங்க, அதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. சில பேர் அந்த குரூப்லயே எங்களுக்காகச் சண்டை போட்டீங்கன்னும் கேள்விப்பட்டோம், வேண்டாங்க, இந்த மடலை மட்டும் அங்க போட்டுடுங்க.

ரிசல்ட் கேட்குறவங்க பாக்கெட்ல இருக்குற பேட்ச் நம்பரை அனுப்புங்க, ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பிடுறோம். பழைய பாக்கெட் மனசுக்கு ஒப்பலன்னா பிரிச்சதா இருந்தாலும் திருப்பிக் குடுத்துட்டு புதுசு வாங்கிக்கோங்க. ரிப்போர்ட் வந்த பெறகுதான் பார்சல் கெளம்பும், அதனால டெலிவரி கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும்.