டிஜிட்டல் குரலும் குறுக்கீடும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரிடர்க் காலத் தொடர்புக்கு ஹாம் ரேடியோவின் (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் இயக்கும் அமெச்சூர் வானொலி) டிஜிட்டல் குரல் முறைகளே, அதாவது பேச்சை பிட்களாக மாற்றி அனுப்பும் முறைகளே போதும் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. அவற்றில் ஒன்றான டி-ஸ்டார் முறையில் நொடிக்கு 2400 பிட் குரலுக்கும், அதில் நேரும் பிழைகளைத் திருத்த மேலும் 1200 பிட்டும் ஒதுக்கப்படுவதால், வழக்கமான அனலாக் முறையான எஃப்.எம்.மில் இரைச்சல் தலைதூக்கும் இடத்திலும் பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதே அலைவரிசையில் இன்னொரு நிலையம் குறுக்கிட்டு, பிழைகள் திருத்தும் வரம்பைத் தாண்டிவிட்டால், குரல் கரகரவெனச் சிதைந்து சட்டென அறுந்துவிடுகிறது, எஃப்.எம்.மிலோ இரைச்சலுக்கு நடுவே பாதிச் சொல்லையாவது பிடித்துவிடலாம். இன்னொரு டிஜிட்டல் முறையான டி.எம்.ஆரில், ஒரே அலைவரிசையில் உள்ள நிலையங்களை வேறுபடுத்தும் எண்ணான 'கலர் கோடு' அயல் நிலையத்தின் பேச்சை நம் காதுக்கு எட்டாமல் தடுக்குமே தவிர, அதன் அலை நம் சிக்னலைக் கெடுப்பதைத் தடுக்காது. கேட்பவருக்கு மௌனம் மட்டுமே மிஞ்சுவதால் குறுக்கீடு இருப்பதே தெரியாமல் போகிறது என்பதுதான் என் பெருங்கவலை. எனவே, பேரிடர்ப் பயிற்சிகளில் எஃப்.எம். அலைவரிசை ஒன்றையும் கட்டாயம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஹாம் ரேடியோ உரிமம் பெற்ற வாசகர்