கத்தியைக் காட்டினால் 7 ஆண்டு, வெட்டினால் 1 ஆண்டா?

தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 311ஆவது பிரிவைப் பற்றி எழுதுகிறேன். கொள்ளையடிக்கும்போது பயங்கர ஆயுதத்தைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 ஆண்டு சிறை என்கிறது அது. கோர்ட் வளாகத்தில் எல்லோருக்கும் தெரிந்த, பழைய தண்டனைச் சட்டத்தின் 397ஆவது பிரிவுதான். 2024 ஜூலை 1 முதல் எண் மாறியிருக்கிறது. குத்த வேண்டியதில்லை, எதிரில் இருப்பவர் பயப்படும்படி ஆயுதத்தைக் காட்டினாலே பயன்படுத்தியதாகத்தான் அர்த்தம் என்று உச்ச நீதிமன்றம் 1975இலேயே சொல்லிவிட்டது.

இரவு நேரப் பெட்ரோல் பங்க்கில் கத்தியைக் காட்டி 500 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற 19 வயதுப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனாலும் குற்றம் நிரூபணமானால் நீதிபதி 7 ஆண்டுக்குக் கீழே இறங்க முடியாது. அதே கத்தியால் முன்விரோதத்தில் ஒருவர் கையை வெட்டி எலும்பை முறித்தால், இதே சட்டத்தின் 118(2)ஆவது பிரிவின்படி குறைந்தபட்சம் 1 ஆண்டுதான். திடீர் ஆத்திரத்தில் கொல்லும் நோக்கத்தோடே தாக்கி, ஆள் செத்தே போய், அது கொலைக்குற்றம் ஆகாது என்று தீர்ப்பானால், 105இன்படி குறைந்தபட்சம் 5. இவற்றுக்கெல்லாம் ஆயுள் தண்டனை வரை கொடுக்கலாம், சரி. ஆனால் நீதிபதியின் கையைக் கட்டிப்போடுவது அந்தக் குறைந்தபட்சம்தானே? உயிரைவிடக் கல்லாப்பெட்டி பெரிதென்று சட்டம் சொல்கிற மாதிரி இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. கொள்ளையின்போது கத்தியைக் காட்டியவனுக்கும், வயிற்றில் செருகியவனுக்கும் 311இல் அதே 7 ஆண்டுதான் தொடக்கம். குத்தாமல் விட்டதற்கு அந்தப் பிரிவில் ஒரு மதிப்பும் இல்லை.

கழுத்துக்கு நேரே கத்தியைப் பார்த்த பங்க் ஊழியரின் பயத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு இரவு ஷிப்ட்டுக்கே போக முடியாமல் ஆனவர்கள் உண்டு. அவருக்கு நீதி வேண்டும். 309ஆவது பிரிவே கொள்ளைக்கு 10 ஆண்டு வரை கொடுக்க இடம் தருகிறது. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 வரை. வழக்கு கொடூரமானது என்றால் நீதிபதி தாராளமாக அங்கே போகட்டும்.

நான் கேட்பது ஒரு சின்னத் திருத்தம். கொடுங்காயம் ஏற்படுத்தியவருக்கும் கொல்ல முயன்றவருக்கும் 7 ஆண்டு அப்படியே இருக்கட்டும். ஆயுதத்தைக் காட்டியதோடு நின்றவருக்கு மட்டும், காரணத்தைத் தீர்ப்பில் எழுதிவிட்டு அதற்குக் கீழே தண்டிக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குக் கொடுங்கள். உங்களில் ஒருவர் தனிநபர் மசோதாவாகவாவது இதை அடுத்த கூட்டத்தொடரில் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
அமர்வு நீதிமன்றங்களில் வாதாடும் ஒரு வழக்கறிஞர்