அந்தக் குறுஞ்செய்தியைத் தமிழில் அனுப்புங்கள்

கைத்தொலைபேசிக் கொடுப்பனவுச் சேவைகளை நடத்தும் வங்கிகளுக்கும் தொலைபேசி நிறுவனங்களுக்கும்,

வணக்கம். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இன்னும் கைக்காசை விடமாட்டேன் என்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் காதிலும் விழுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் சம்பளத்துக்கு மறுநாள் அம்மா மஸ்கெலியா டவுனில் சாமான் வாங்கினார். அரிசி, மா, பருப்பு, தங்கைக்குக் கொப்பிகள், எல்லாம் சேர்த்து 6,850 ரூபாய். கடை மேசையில் ஒட்டியிருந்த, காசு அனுப்புவதற்கான லங்கா கியூஆர் குறியீட்டைப் போன் செயலியில் ஸ்கேன் பண்ணி அனுப்பினார். அம்மாவின் கணக்கில் காசு குறைந்தது, கடை முதலாளியின் போனுக்கு ஒன்றும் வரவில்லை. குறுஞ்செய்தி ஒன்று வந்தது, முழுக்க ஆங்கிலத்தில். உதவி இலக்கத்துக்கு எடுத்து, தமிழுக்கான எண்ணை அழுத்தி, 20 நிமிடம் காத்திருந்தால் கடைசியில் பேசியவர் சிங்களத்தில் பேசுகிறார், அம்மாவுக்குப் பாதி விளங்கவில்லை, அதற்குள் போனில் இருந்த ரீலோட் காசும் முடிந்துவிட்டது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட, கட்டி வைத்த அரிசிப் பையை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து, "கடைக்காரர் முன்னால கள்ளி மாதிரி நின்டேன்" என்றார். காசு மூன்று நாளில் திரும்பி வந்தது. அந்தச் செய்தியும் ஆங்கிலத்தில்தான்.

இப்போது அம்மா ஏடிஎம் வரிசையில் நின்று முழுச் சம்பளத்தையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொள்கிறார். அவரிடம் எப்படி மறுபடியும் செயலியைப் பற்றிப் பேசுவது?

எங்களுக்குப் புதியது என்றால் பயம் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2012இல் போன் வழியாகக் காசு அனுப்பும் ஈஸி கேஷ் சேவை வந்த பிறகு, கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் பிள்ளைகள் அதில் அனுப்பிய காசை எங்கள் ஆட்கள் ரீலோட் கடையில் எடுத்தார்கள். அங்கே ஒரு மனிதர் தமிழில் விளக்கினார், பிழைத்தால் மறுநாள் அவரிடமே போய்க் கேட்கலாம். உங்கள் செயலியில் கேட்க யார் இருக்கிறார்கள்? நாங்கள் இருக்கும் லய வீடுகளுக்குள் சிக்னலும் இல்லை, ஓடிபி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியானது. ஆனாலும் அலுவலகப் படிவத்திலிருந்து மருந்துச் சீட்டு வரை எங்களுக்கு யாராவது வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இப்போது எங்கள் சொந்தக் காசு எங்கே போனது என்பதையும் அடுத்தவரிடம் காட்டித்தான் கேட்கிறோம். இது சரியா?

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். கேட்பது இரண்டுதான். காசு போனது, வந்தது, சிக்கியது என்ற செய்திகளைத் தமிழில் அனுப்புங்கள். தமிழ் எண்ணை அழுத்தினால் தமிழ் பேசுபவரை எடுக்கச் சொல்லுங்கள். அடுத்த சம்பளம் 10ஆம் திகதி. அதற்குள் அந்தக் குறுஞ்செய்தியையாவது தயவுசெய்து தமிழில் மாற்றித் தாருங்கள்.

இப்படிக்கு,
மஸ்கெலியாவிலிருந்து ஒரு கொழுந்துத் தொழிலாளியின் மகள்