எண்ணாத கலங்களுக்குக் கணக்கு

மதிப்பிற்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் ஐயா அவர்களுக்கு,

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் உயர்தர உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியை எழுதுகிறேன். எங்கள் நுணுக்குக்காட்டியின் நிலை உங்களுக்குத் தெரியும். வெள்ளத்துக்குப் பிறகு வில்லையில் பூஞ்சணம் பிடித்ததுபற்றி நான் எழுதிய 3 கடிதங்களும் உங்கள் கோவையில் இருக்கின்றன. போன கிழமை வந்த பதில், செய்முறையைப் படங்களைக் கொண்டு நடத்தச் சொல்கிறது.

நடத்தினேன், ஐயா. றியோ இலைக்குப் பஞ்சமில்லை, பள்ளிக்கூட வாசலிலேயே நிற்கிறது. அதன் அடிப்பக்க ஊதாத் தோலை உரித்து, வெவ்வேறு செறிவுள்ள சுக்குரோசுக் கரைசல்களில் பிள்ளைகள் இட்டார்கள். வெளியே செறிவு கூடினால் கலத்தின் நீர் மென்சவ்வைக் கடந்து வெளியேறும். சுக்குரோசு அந்தச் சவ்வை எளிதில் கடக்காது. கலத்தின் உள்ளிருக்கும் முதலுரு கலச்சுவரை விட்டு விலகி, ஊதா உருண்டையாகச் சுருங்கும். பாதிக் கலங்கள் சுருங்கும் செறிவை எண்ணித்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் பிள்ளைகள் எதை எண்ணுவது? கரும்பலகையில் நானே எண்களை எழுதிப்போட்டேன். 'அவதானிப்பு' என்று தலைப்பிட்டு அவற்றைக் கொப்பியில் எழுதினார்கள். அதற்கு நான் சரி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

"உப்புப் போட்டா மீன் தண்ணி விடுற மாதிரித்தானே ரீச்சர்? இத நாங்க எப்ப காணுற?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். தாயோடு கருவாடு போட்டுப் பழகிய பிள்ளை. நீர் இப்படிச் சவ்வைக் கடக்கும் பிரசாரணத்தை அவளுக்கு விளக்கத் தேவையில்லை, காட்டத்தான் வேண்டும். எங்களுக்கு வேலை செய்யும் நுணுக்குக்காட்டி ஒன்று வேண்டும்.

கலத்தின் மென்சவ்விலுள்ள சோடியம்–பொற்றாசியம் பம்பி 3 சோடியம் அயன்களை வெளியேற்றி 2 பொற்றாசியம் அயன்களை உள்ளெடுப்பதை எந்தப் பாடசாலையிலும் கண்ணால் காட்ட முடியாது. அதற்குப் படம் போதும். இது அப்படியல்ல. வாவிக்கு அந்தப் பக்கம் நகரத்துப் பிள்ளை இதைக் கண்ணால் காண்கிறது. வினாத்தாள் இருவருக்கும் ஒன்று, பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட வெட்டுப்புள்ளியும் ஒன்று. பெறுபேறு வந்ததும் படுவான்கரை ஏன் பின்தங்கியது என்று கூட்டம் வைத்து எங்களைத்தானே கேட்கிறீர்கள்? பாலம் கட்டியும் பொருட்கள் மட்டும் ஏன் இக்கரைக்கு வருவதில்லை?

வேகத்தில் எழுதிவிட்டேன், பொறுத்தருள வேண்டும். கேட்பது ஒரு நுணுக்குக்காட்டி. புதியதாக இருக்க வேண்டுமென்றில்லை. வேறு பாடசாலையிலிருந்து 2 நாளைக்கு இரவலாகத் தந்தாலும் நானே பஸ்ஸில் வந்து எடுத்துப்போய்த் திருப்பித் தருவேன். ஒரு நாள் முன்னதாக அறிவித்தால் கரைசல்களைக் கலந்து வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உயிரியல் ஆசிரியை