பழகிவிட்டது என்று எழுதியிருந்தாயே

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். மகன் தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான் என்று எழுதியிருந்தாய். அது உனக்கு வருத்தமா நிம்மதியா என்று நீ சொல்லவில்லை, சரி, நானும் கேட்கவில்லை. இங்கே எல்லோரும் நலம். என் முட்டிதான் மாடிப்படியைக் கண்டாலே முனக ஆரம்பிக்கிறது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே ஒரு வரியைத்தான். 'இப்போதெல்லாம் வார்டில் என்ன நடந்தாலும் மனசில் ஒட்டுவதில்லை, நல்லாப் பழகிவிட்டது' என்று எழுதியிருந்தாயே, அதை. நீ என்னவோ தேறிவிட்ட சேதியாகத்தான் எழுதியிருக்கிறாய். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் விடிய விடிய முழித்திருந்தவள் நீ. உனக்கு எதுவும் ஒட்டவில்லை என்றால் அதற்குப் பழக்கம் என்று பேர் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். போன வருஷம் நீ எழுதியவற்றில் ஆட்கள் இருந்தார்கள். பல் செட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, நர்சுகள் தேடுவதைப் பார்த்துச் சிரிக்கும் தாத்தா. மகள் போன் செய்யும் நேரத்துக்கு மட்டும் தலைவாரிவிடச் சொல்லும் அம்மா. இந்த முறை வந்திருப்பது 'ஏழாம் பெட் ராத்திரி முடிந்தது, காலையிலேயே அடுத்த அட்மிஷன்'. அவ்வளவுதான். அந்த ஏழாம் பெட் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. லண்டனில் ஒரு பெரிய மருத்துவமனையின் நர்சுகளைப் பற்றி மனப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் 1960-இல் எழுதிய ஆய்வைப் படித்திருக்கிறேன். அங்கேயும் நோயாளிக்குப் பேர் கிடையாது. பெட் நம்பர், இல்லாவிட்டால் கெட்டுப்போன உறுப்பு, 'பத்தாம் பெட் லிவர்' என்கிற மாதிரி. ஒரு நர்ஸ் ஒரு நோயாளியோடு சேர்ந்தாற்போல் இருக்க முடியாதபடி வேலையைத் துண்டுபோட்டு, எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் செய்யவைத்தார்கள். இது நர்சுகளின் கல்நெஞ்சால் வந்ததில்லை, வலியையும் சாவையும் நாள் பூராவும் பார்க்கும் பதற்றத்துக்கு எதிராக அந்த இடமே கட்டிக்கொண்ட தற்காப்பு என்றார் மென்சீஸ். அந்தத் தற்காப்பால் பதற்றம் தீரவும் இல்லை. வேலையில் கிடைத்திருக்க வேண்டிய நிறைவும் போய்விட்டது. பயிற்சியைப் பாதியில் விட்டுப்போன மாணவிகள் நிறைய.

வேலையிலேயே எரிந்து தீர்ந்துபோவதை பர்ன்அவுட் என்கிறார்கள். அது வெறும் களைப்பு என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்க 1981-இல் வெளியிட்ட கேள்வித்தாளில் களைப்பு மூன்றில் ஒன்றுதான். மனசு வற்றிப்போவது முதலாவது. எதிரில் இருப்பவர் ஆளாகத் தெரியாமல் கேஸாகத் தெரிவது இரண்டாவது. நாம் என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்ற நினைப்பு மூன்றாவது. முதலாவது வந்தால் நமக்கே தெரியும், உடம்பு சொல்லிவிடும். இரண்டாவதுதான் மோசம். அது வந்தவர்கள் தாங்கள் கெட்டியாகிவிட்டதாகப் பெருமைப்படுவார்கள். மேலே இருப்பவர்களும் மெச்சுவார்கள், அழாமல் வேலை பார்க்கிறாளே என்று.

உன் சீனியர் சிஸ்டர் 'எதையும் மனசுக்குள் விடாதே' என்று சொல்லித்தந்ததாக எழுதியிருந்தாய். நல்லெண்ணத்தில் சொன்னதுதான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூளை ஆய்வாளர்கள் ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மனிதர்கள் துன்பப்படும் வீடியோக்களைக் காட்டி, முதலில் அந்தத் துயரத்தைத் தன் துயரமாகவே உணரப் பயிற்சி கொடுத்தார்கள். பங்கெடுத்தவர்களின் மனநிலை மோசமானது. பிறகு அதே ஆட்களுக்கு, இவருக்கு நல்லது நடக்கட்டும் என்று நினைக்கும் கருணைப் பயிற்சி. நல்லுணர்வுகள் திரும்பி வந்தன. மூளையில் வேலை செய்த பகுதிகளும் வேறாக இருந்தன. ஆக, மனசுக்குள் விடுவதிலேயே இரண்டு விதம் இருக்கிறது. 'இது என் அம்மாவாக இருந்தால்' என்று நினைத்த அடுத்த நிமிஷமே நானும் அவரோடு படுத்துவிடுகிறேன். 'இவருக்கு இப்போது என்ன வேண்டும்' என்று கேட்டால் தலையணையை நகர்த்தவாவது கை போகிறது. என் கவுன்சலிங் அறையிலும் இதே கதைதான். எதிரே உட்கார்ந்திருப்பவர் அழும்போது என் தொண்டை அடைத்தால், பாதம் இரண்டையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு அவர் கையைப் பார்ப்பேன். கை பெரும்பாலும் எதையாவது செய்துகொண்டிருக்கும், கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரிக்கும், இல்லாவிட்டால் மோதிரத்தைச் சுற்றும். அதைக் கவனிக்க ஆரம்பித்தால் நான் என் பக்கத்துக்குத் திரும்பிவிடுவேன், அவரையும் விட்டுவிட மாட்டேன்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, குற்றம் முழுக்க உன் மனசில்தான் என்று நீ நினைத்துவிடக் கூடாதே என்றும் பயமாக இருக்கிறது. ஐந்து பேர் பார்க்க வேண்டிய வார்டை இரண்டு பேர் பார்த்தால் எந்தக் கருணைப் பயிற்சியும் நிற்காது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பர்ன்அவுட்டை விளக்கியபோது அதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத, நீண்ட நாள் வேலையிட நெருக்கடியால் வருவது என்றுதான் சொன்னது. மாஸ்லாக்கும் மைக்கேல் லைட்டரும் அது முளைக்கும் இடங்களாகச் சொன்னவையும் வேலையிடத்தைச் சேர்ந்தவைதான்: வேலைப்பளு, நம் கையில் இருக்கும் அதிகாரம், கிடைக்கும் மதிப்பு, சகாக்களோடு உறவு, நியாயம், நாம் நம்பும் விழுமியங்கள். உங்கள் நிர்வாகம் இதற்கெல்லாம் மருந்தாக மன அழுத்த வகுப்பு வைத்ததாம், அதுவும் உன் லீவு நாளில்! படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது. அந்த வகுப்புக்குப் பதில் ஒரு ஆளைப் போட்டிருக்கலாம்.

போராடிப் பார்க்க உனக்கு இப்போது தெம்பில்லை என்று தெரியும். ஆனால் ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்க முடியுமா பார். நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டம் நடத்துகிறோம். 1950-களில் மைக்கேல் பாலின்ட் என்ற மனப்பகுப்பாய்வாளர் லண்டனில் குடும்ப மருத்துவர்களை வைத்து ஆரம்பித்த முறை. ஒருவர் தன்னை உறுத்தும் கேஸைச் சொல்லுவார், ஃபைல் பார்க்காமல், நினைவிலிருந்து. சொல்லி முடித்ததும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள், அறிவுரை மட்டும் கூடாது. நாம் மாதக்கணக்காகச் சுமந்த ஆளைப் பற்றி நம் கண்ணெதிரே மற்றவர்கள் யோசிப்பதைக் கேட்பது விசித்திரமான அனுபவம். ஒரு முறை ஒரு இளம்பெண், பேசவே பேசாத ஒரு கணவரைப் பற்றிச் சொல்லிவிட்டு நாற்காலியைத் தள்ளினாள். 'எனக்கு அவர் மேல் எரிச்சலாக வருகிறது' என்றார் ஒருவர். அவள் முகம் அப்படியே தளர்ந்தது. தனக்கும் எரிச்சல்தான் என்று அதுவரை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. டூட்டி ஒப்படைத்த பிறகு அரை மணி நேரம், ஒரு காலி அறை, நான்கு நாற்காலி. செலவில்லாத காரியம், அதனால் சம்மதிப்பார்கள்!

என் பக்கத்துச் சேதி, நான் நீச்சல் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. முட்டிக்காக டாக்டர் சொன்னது, ஆனால் பிழைத்தது என் சாயங்காலங்கள். தண்ணீருக்குள் முகத்தை வைத்துவிட்டால் அடுத்த மூச்சை எப்போது எடுப்பது என்பதைத் தவிர வேறு எதுவும் தலையில் நிற்காது. வேலையிலிருந்து மனசு நிஜமாகவே கழன்றுகொள்வதும், புதிதாக ஒன்று கைவருவதும் களைப்பை ஆற்ற உதவும் என்று உளவியலாளர் சபீனா சோனென்டாக் எழுதியிருக்கிறார். சோபாவில் படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது எனக்கு இரண்டும் கிடைக்கவில்லை. உனக்கு எது சரிப்படும் என்று எனக்குத் தெரியாது. நோயாளிகளுக்குச் சம்பந்தமில்லாததாக இருந்தால் போதும். வார்டு வாட்ஸப் குரூப்பை டூட்டி இல்லாத நேரத்தில் மியூட் செய்து வை, அதை இன்றைக்கே செய்.

வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாயே, அந்த ராஜினாமா விஷயத்துக்கு வருகிறேன். போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களை விட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் நைட் டூட்டி முடிந்த காலையில் முடிவு எடுக்காதே. முதலில் சேர்ந்தாற்போல் லீவு போடு. ஒட்டாத அந்த மனசு லீவிலும் அப்படியே இருந்தால், உன் அம்மாவோடு உட்காரும்போதும், பிடித்த பாட்டைக் கேட்கும்போதும் ஒன்றும் தோன்றவில்லை என்றால், அது வேலையோடு நிற்கும் விஷயம் இல்லை. மனநல மருத்துவரைப் பார்த்துவிடு. நீ நோயாளிகளுக்கு எவ்வளவு சுலபமாகச் சொல்வாய் இதை!

அடுத்த மாத டூட்டி லிஸ்ட் வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு. எந்த இரண்டு நாள் காலியோ அதற்கு டிக்கெட் எடுத்துவிடுகிறேன். முதல் நாள் முழுக்க நீ தூங்கலாம், நான் எழுப்ப மாட்டேன். ஆனால் சமையல் என் பொறுப்பு இல்லையடி, இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி