தொழிற்சாலையிலிருந்து விற்பனையகம் வரை வந்த வழியில் புது டிரெய்லருக்கு ஏற்பட்ட சேதம்: புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
டிராவல் டிரெய்லர் தயாரிப்பு நிறுவனம்,
எல்கார்ட், இந்தியானா.

பொருள்: போக்குவரத்துச் சேதத்துக்குப் பொறுப்பேற்க மறுத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். பிப்ரவரி 27 அன்று, டாலஸில் உள்ள உங்கள் விற்பனையாளரிடம், வேறொரு வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியான 28 அடி நீள டிராவல் டிரெய்லர் ஒன்றைப் புதிதாக வாங்கினேன். அதில் கண்ட குறைகளைப் படங்களோடு உங்களுக்கு அனுப்பினேன். வந்த பதில் ஒரே வரி: போக்குவரத்தின்போது ஏற்படும் சேதம் உத்தரவாதத்தில் வராது. அந்த வரியை என்னால் ஏற்க முடியாது.

வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலை, தரையில் அட்டையை விரித்து அதன் அடியில் படுத்துப் பார்த்தேன். இரும்புச் சட்டத்தின் உட்பக்கம் விரலை ஓட்டினேன், விரல் வெள்ளையாகிவிட்டது. பனிக்காலத்தில் உறைபனியை உருக்கச் சாலையில் கொட்டும் உப்பு அது. அச்சுக்கு அருகே வெல்டிங் செய்த இடங்களிலும், படிக்கட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளிலும் துரு கிளம்பியிருந்தது. வெளிப்பக்கத்தைக் கண்ணாடிபோல் கழுவித் துடைத்துக் கொடுத்தவர்கள் அடிப்பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

புது வண்டிக்கு உப்பு எப்படி வந்தது என்று விற்பனையகத்தின் பழுது பார்ப்பவரிடம் கேட்டேன். அதுவரை இத்தகைய வண்டிகளும் கார்களைப் போல லாரியில் ஏறித்தான் வரும் என்று நம்பியிருந்தேன். அப்படி இல்லையாம். டிராவல் டிரெய்லரை ஓர் ஓட்டுநர் தன் சொந்தப் பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி, அதன் சொந்தச் சக்கரங்களிலேயே இழுத்து வருகிறார். தனக்கே எஞ்சின் உள்ள வீட்டு வண்டியான மோட்டார் ஹோம் என்றால் அதை ஓட்டியே வந்துவிடுகிறார்கள். எல்கார்டிலிருந்து டாலஸ் ஏறக்குறைய 1,000 மைல். அமெரிக்காவில் இந்த வகை வண்டிகளில் பெரும்பகுதி எல்கார்ட் வட்டாரத்திலேயே தயாராகிறது. எனவே பனி அரிதான எங்கள் ஊரில் விற்கும் வண்டியும் குளிர்காலத்தில் அந்த உப்புச் சாலைகளில்தான் புறப்பட்டாக வேண்டும். இது தற்செயலாக நேர்ந்த விபத்து அல்ல. ஒவ்வொரு குளிர்காலமும் உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்த விஷயம்.

மோட்டார் ஹோம் வாங்குபவருக்கு, வண்டி வழியில் எவ்வளவு ஓடியது என்பதை ஓடோமீட்டர் காட்டிவிடும். டிரெய்லரில் அதுவும் கிடையாது. நான் தொடுவதற்கு முன்பே 1,000 மைல் ஓடிய டயர்களைப் புது டயர்கள் என்று வாங்கியிருக்கிறேன். ஒருவர்கூட அதை என்னிடம் சொல்லவில்லை.

சக்கர நட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சக்கரம் மாட்டிய பிறகு 10, 25, 50 மைல்களில் நட்டுகளை மறுபடி முறுக்கிச் சரிபார்க்க வேண்டும் என்று நீங்கள் தந்த கையேடே சொல்கிறது. தொழிற்சாலையில் மாட்டிய சக்கரத்துக்கு அந்த 50 மைல் இந்தியானாவிலேயே முடிந்திருக்கும். யார் முறுக்கினார்? என் வண்டியின் இடப்பக்கப் பின்சக்கரத்தில் இரண்டு நட்டுகள் சிறு அழுத்தத்துக்கே சுழன்றன. என் மனைவியும் குழந்தைகளும் பின்னிருக்கையில் அமர்ந்திருக்க, அதே வண்டியை நெடுஞ்சாலையில் இழுத்து வந்தேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

கூரையின் வலது முன்மூலையில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல் இருக்கிறது. அலுமினிய விளிம்புப் பட்டைக்குள் மரப்பட்டைத் துண்டு ஒன்று சிக்கியிருந்தது. ஏதோ ஒரு மரக்கிளை உரசியிருக்கிறது. அந்த இடத்தில் ஒட்டுப்பசை பிளந்து, மார்ச் மாத முதல் மழையிலேயே உள்சுவர் ஈரம் கண்டது. இத்தகைய வண்டிகளுக்கு எமன் தண்ணீர்தான் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மெல்லிய பலகை ஒருமுறை ஊறிவிட்டால் பிறகு எதைப் பூசினாலும் பயனில்லை.

இழுத்து வந்த ஓட்டுநரைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. மைல் கணக்கில் கூலி வாங்கி, டீசலைத் தன் கையிலிருந்து போட்டு, பெரும்பாலும் வெறும் வண்டியோடு திரும்பும் மனிதர் அவர். அவரை அவசரப்படுத்துவது அந்தக் கூலி முறை. அவரிடம் வண்டியைக் கொடுக்கும்போதும், அவர் விற்பனையாளரிடம் ஒப்படைக்கும்போதும் சேதத்தைக் குறித்துக் கையெழுத்திடும் ஒரு படிவம் இருக்கிறது. எனது வண்டி மாலை மங்கிய நேரத்தில் வந்து சேர்ந்ததாம். ஏணி வைத்துக் கூரையைப் பார்க்காமலேயே குறை எதுவும் இல்லை என்று விற்பனையகத்தார் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். இப்போது விற்பனையாளர் உங்களைக் காட்டுகிறார், நீங்கள் போக்குவரத்து நிறுவனத்தைக் காட்டுகிறீர்கள், போக்குவரத்து நிறுவனம் அந்தக் கையெழுத்தைக் காட்டுகிறது. அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது நான் அல்ல. அந்தப் படிவத்தை இதுவரை என் கண்ணில்கூடக் காட்டவில்லை. உங்கள் பெயர் பொறித்த வண்டியைப் புதியது என்று நம்பி வாங்கினேன். அது உங்கள் வாசலைத் தாண்டிய நொடியில் உங்கள் பொறுப்பு எப்படி முடிந்துபோகும்?

புறப்பட்ட இடத்திலும் சேர்ந்த இடத்திலும் கையெழுத்தான படிவங்களின் நகல்கள் எனக்கு வேண்டும். கூரை விளிம்பைப் பிரித்து, ஊறிய பலகையை மாற்றி, மீண்டும் நீர் புகாதபடி அடைத்துத் தர வேண்டும். நீர் தடுக்கும் ஒட்டுப் பட்டையை மட்டும் மேலே ஒட்டித் தந்தால் ஏற்க மாட்டேன். அடிச்சட்டத்தைக் கழுவி, துருவை நீக்கி, காப்புப் பூச்சு பூச வேண்டும். நட்டுகள் தளர்ந்திருந்த சக்கரத்தையும் அதன் போல்ட்டுகளையும் சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும். இந்தச் செலவு எதுவும் என் தலையில் விழக் கூடாது.

15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், டெக்சாஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் அளிப்பேன். படங்களை இத்துடன் மறுபடியும் இணைத்திருக்கிறேன். அந்த மரப்பட்டைத் துண்டை ஓர் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆய்வாளர் வரும்போது அவர் கையிலேயே தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்