சூயஸுக்கு முந்திய பங்குகள்

அன்புள்ள தம்பி,

நார்த்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்ததா? சேர்ந்தது என்று ஒரு வார்த்தை போடக்கூடாதா? சரி, வேலை இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

டிஸ்ரேலியைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1875இல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை வாங்கிய பிரிட்டிஷ் பிரதமர் என்று முப்பது வருஷம் ஒரே வரியில் பாடம் நடத்தித் தள்ளிவிட்ட ஆள். அந்தப் பங்கு எல்லாருக்கும் தெரியும். இருபது வயதில் அவர் பணம் போட்ட தென்னமெரிக்கச் சுரங்கப் பங்குகளைப் பற்றி நான் ஒரு பிள்ளைக்கும் சொன்னதில்லை. 1825இல் அத்தனையும் விழுந்தன. அடுத்த வருஷமே பெயர் போடாமல் ‘விவியன் கிரே’ என்று ஒரு நாவல். பரபரப்பாக விற்றது, ஆனால் கடன் தீரவில்லை. வட்டி வளர்ந்துகொண்டே போனது. தேர்தலில் நாலு தடவை தோற்று, 1837இல் மெய்ட்ஸ்டோனில் ஜெயித்தார். எம்.பி.யைக் கடனுக்காகப் பிடித்துப்போக முடியாது, அன்றைக்கு அது ஒரு வசதி. முதல் பேச்சிலேயே சபை சிரித்தது. நான் சொல்வதை நீங்கள் கேட்கும் காலம் வரும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாராம். அப்படியே உன் பிடிவாதம்!

எனக்கு உறுத்துவது வேறு. அவர் அப்பா ஐசக், புத்தகமே கதியென்று கிடந்த சாது மனிதர். அவரிடம்கூட மகன் முழுக் கணக்கைச் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது மொபைலில் பச்சையும் சிவப்புமாய் என்னவோ பார்த்துக்கொண்டே இருந்தாய். கண்ணுக்குக் கெடுதல்.

சனிக்கிழமை வீட்டுப் போனுக்கு யாரோ கூப்பிட்டு உன் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். அப்பா கோயிலுக்குப் போயிருந்தார். வேறொன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு.

ஒன்பதாவதில் டூர் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்து, அப்பாவிடம் சொல்லாதே என்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாய். மாட்டேன் என்றேன். அன்று ராத்திரியே சொல்லிவிட்டேன். பெல்ட் சத்தம் அடுப்படிவரை கேட்டது. நான் தோசை திருப்பிக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் நீ என்னிடம் எதுவுமே சொன்னதில்லை. சமர்த்துப் பிள்ளை, ஒரு தொந்தரவும் கிடையாது என்று நான்தான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

வளையல் நாலும் பீரோவில் சும்மாதான் கிடக்கின்றன. நான் போடுவதே இல்லை.

அப்பா மத்தியானம் இரண்டிலிருந்து நாலுவரை தூங்குகிறார். போனை என் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அம்மா